தாளின் மேல் நிற்கும் மை

லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் ஒரு பாரசீகக் கவிதைத் தொகுப்பு இருக்கிறது. குவாஜு கிர்மானி என்ற கவிஞரின் மூன்று காவியங்களை 1396ஆம் ஆண்டு பாக்தாதில் படியெடுத்து முடித்தவர் மீர் அலி தப்ரீசி. இன்று நஸ்தலீக் என்று உலகம் அறியும் எழுத்து முறையின் ஆரம்ப காலச் சான்றுகளில் முக்கியமானது இந்த நூல். வலப்பக்க மேல்மூலையிலிருந்து இடப்பக்கக் கீழ்நோக்கிச் சரிந்து இறங்கும் சொற்கள், நீண்டு வளைந்து தாழும் கோடுகள், ஊசி முனை போல் மெலிந்து முடியும் நுனிகள். அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் எழுத்து கருமை குன்றாமல் நிற்கிறது.

பாரசீக வனப்பெழுத்தைப் பற்றிப் பேசும்போது கையின் பயிற்சியைத்தான் பெரும்பாலும் பாராட்டுகிறோம். பயிற்சி பெரியதுதான், ஐயமில்லை. ஆனால் எந்தக் கையும் ஏதோ ஒரு மையைக் கொண்டு ஏதோ ஒரு தாளில்தான் எழுத வேண்டும். அந்த மையும் தாளும் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அந்தக் கலைஞர்கள் மிக நுட்பமாக அறிந்திருந்தார்கள். அவர்களுடைய அறிவின் மையத்தில் ஒரே ஒரு தேர்வு இருக்கிறது: மை தாளுக்குள் இறங்கக் கூடாது, மேலே நிற்க வேண்டும். மை, தாள், எழுதுகோல் எல்லாம் அந்தத் தேர்வுக்கு ஏற்பவே அமைந்தன. கோட்டின் அழகும் நூலின் நீண்ட ஆயுளும், அதற்கு நேரக்கூடிய ஆபத்தும்கூட அங்கிருந்தே தொடங்குகின்றன.

கரியும் பிசினும்

மையின் கருமை விளக்குப் புகையிலிருந்து வருகிறது. ஆளி விதை எண்ணெய் போன்றவற்றை எரித்து, சுடருக்கு மேல் கவிழ்த்த பாத்திரத்தில் படியும் புகைக்கரியைச் சுரண்டி எடுப்பார்கள். அதில் எரியாத எண்ணெய்ப் பசை ஒட்டியிருக்கும். பசை இருந்தால் கரி நீரில் கலக்காது. எனவே கரியைக் காகிதத்தில் பொதிந்து, மேலே பிசைந்த மாவைப் பூசி, அடுப்பில் வைத்துச் சுட்டுப் பசையைப் போக்கினார்கள்.

புகைக்கரியின் அடிப்படைத் துகள் சில பத்து நானோமீட்டர் அளவுதான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் கிடைப்பது ஒரு நானோமீட்டர். இவ்வளவு சிறிய கார்பன் துகள்கள் நீரில் தனித்து நிற்க விரும்பாது. ஒன்றையொன்று ஈர்த்துக் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து அடியில் படிந்துவிடும். அந்தக் கலவையில் எழுதினால் கோடு திட்டுத் திட்டாகத்தான் வரும்.

இதைத் தடுப்பது வேலம்பிசின். இந்தப் பிசின் கிளை கிளையாகப் பிரிந்த சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. அவற்றோடு சிறிதளவு புரதமும் பிணைந்திருக்கும். புரதப் பகுதி கார்பன் துகளின் மேல் ஒட்டிக்கொள்ள, சர்க்கரைக் கிளைகள் நீருக்குள் நீட்டி நிற்கும். இரண்டு துகள்கள் நெருங்கினால் இந்தக் கிளைகள் இடையில் புகுந்து அவற்றை விலக்கி வைக்கும். பிசினைக் கரைத்து ஊற்றினால் மட்டும் போதாது. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட கொத்துகளை உடைத்தால்தான் ஒவ்வொரு துகளின் மேலும் பிசின் படியும். மையை உரலிலும் அம்மியிலும் நாள்கணக்கில் அரைத்ததற்கு இதுதான் காரணம். எழுதி முடித்து நீர் உலர்ந்ததும் அதே பிசின் மெல்லிய படலமாகி, கரியைத் தாளோடு ஒட்டவைக்கிறது.

கார்பன் கண்ணுக்குத் தெரியும் எல்லா நிற ஒளியையும் உறிஞ்சிக்கொள்ளும். சாதாரண வெப்பத்தில் வெயிலும் காற்றும் அதை மாற்றுவதில்லை. சாயங்கள் வெளுக்கும் இடத்தில் கரி வெளுக்காமல் நிற்பது இதனால்தான்.

பாரசீக எழுத்தர்கள் மனப்பாடமாக வைத்திருந்த ஒரு விதி, மையின் பொருள்களை எடைக் கணக்கில் சொல்கிறது: புகைக்கரி ஒரு பங்கு, அன்னபேதி ஒரு பங்கு, மாசிக்காய் இரண்டு பங்கு, பிசின் நான்கு பங்கு. அதற்குப் பிறகு அரைப்பதற்குத் தோள் வலிமை வேண்டும் என்று முடிகிறது அது. அன்னபேதியும் மாசிக்காயும் நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் கிடைப்பவை. அன்னபேதி இரும்பு சல்பேட். மாசிக்காய் ஒருவகை ஓக் மரத்தில் பூச்சி துளைத்த இடத்தில் பருத்து வளரும் முடிச்சு. அதில் டானின் மிகுதி. இரண்டும் நீரில் சேர்ந்து காற்றுப் பட்டால் நீலம் பாய்ந்த கருமை பிறக்கும்.

ஐரோப்பிய மடாலயங்கள் நூற்றாண்டுகளாகப் பெரிதும் நம்பியது இந்த இரும்பு மையைத்தான். அது தாளின் இழைகளுக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், எளிதில் அழியாது. ஆனால் அதிலுள்ள அமிலம் செல்லுலோஸ் சங்கிலிகளை வெட்டும். எஞ்சிய இரும்பு அயனிகள் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிவிடும். காலம் செல்லச் செல்ல எழுத்து பழுப்பேறும், எழுத்து இருந்த இடத்தில் தாளே உதிர்ந்து ஓட்டையாகும். பாரசீக விதியில் இரும்பு மையும் இருக்கிறது. ஆனால் மொத்த எடையில் பாதி பிசின், கருமையைச் சுமப்பது கரி. இரும்பு மை பழுப்பேறினாலும் கரி கருமையாகவே நின்று எழுத்தைக் காக்கும்.

தாளைப் பதப்படுத்துதல்

இந்த நூல்களின் தாள் லினன், சணல் கந்தல்களைக் கூழாக்கிச் செய்தது. மரக்கூழ்த் தாளை மஞ்சளாக்கி நொறுங்கச் செய்யும் லிக்னின் அதில் இல்லை. ஆனால் அச்சிலிருந்து எடுத்த தாளில் அப்படியே எழுத முடியாது. இழைகளுக்கு இடையிலுள்ள நுண்துளைகள் மையை உறிஞ்சி எல்லாத் திசையிலும் பரப்பிவிடும்.

எனவே சலவை வேட்டிக்குக் கஞ்சி போடுவது போலத் தாளுக்கும் கஞ்சி போட்டார்கள். மாவுச்சத்தைக் காய்ச்சிப் பூசி உலர்த்தி, பிறகு வழவழப்பான பலகையில் தாளை விரித்து, அகேட் என்னும் மணிக்கல்லாலோ கண்ணாடியாலோ அழுத்தித் தேய்த்தார்கள். கஞ்சி துளைகளை அடைத்தது. கல் இழைகளை அமுக்கிப் படியவைத்தது. இந்த மெருகு ஏறிய தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் மேற்பரப்பு மெல்லப் பளபளக்கும்.

பளிச்சிடும் வெண்மையை அவர்கள் விரும்பவில்லை. சீமி நிஷாபூரி என்ற எழுத்துக் கலைஞர் மஷ்ஹத் நகரில் 1433ஆம் ஆண்டளவில் எழுதிய கையேட்டில் தாளுக்குச் சாயமேற்றும் முறைகளை விளக்குகிறார். வெள்ளைத் தாள் கண்ணை வருத்தும் என்பது அவர் கருத்து. ஹெராத் நகரின் பெரும் வனப்பெழுத்தாளர் சுல்தான் அலி மஷ்ஹதி 1514இல் செய்யுள் வடிவில் ஒரு கையேடு எழுதினார். குங்குமப்பூ, மருதாணி, சில துளி மை கலந்து கிடைக்கும் இளஞ்சாயத்தை அவர் பரிந்துரைத்தார். நாள் முழுதும் குனிந்து எழுதுபவரின் கண்ணுக்குக் கூசாமல், கருமையும் தெளிவாகத் தெரியும் நிறம் அது.

மெருகு ஏறிய தாள் இரண்டு நன்மைகளைத் தந்தது. எழுதுகோலின் நுனி தாளின் இழைகளில் சிக்கித் தடுக்காமல் வழுக்கிச் செல்லும். ஒரே மூச்சில் இழுக்க வேண்டிய நீண்ட வளைவுகள் நஸ்தலீக்கின் உயிர். சொரசொரப்பான தாளில் அந்த வளைவை நடுக்கமின்றி இழுப்பது மிகக் கடினம். மற்றொன்று, மை மேலேயே நிற்பதால் கோட்டின் விளிம்பு வெட்டினாற்போல் தெளிவாக இருக்கும்.

இந்த நன்மைக்கு விலையும் உண்டு. உலர்ந்த பிசின் மறுபடியும் நீரில் கரையக்கூடியது. ஈரத் துணியால் துடைத்தால் எழுத்து வந்துவிடும். எழுதும் காலத்தில் இது வசதி: பிழையான எழுத்தைத் துடைத்துத் திருத்தலாம், மாணவர்கள் பயிற்சித் தாளைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். கழுவாமல் ஒன்றன் மேல் ஒன்றாக எழுதிக் கருமையால் நிரம்பிய பயிற்சித் தாள்களின் அழகைக் கண்டு, பிற்காலத்தில் அதையே தனிக் கலைவடிவமாக்கினார்கள். சியாமஷ்க் எனப்படும் அந்த வடிவத்தில் 19ஆம் நூற்றாண்டின் மிர்சா குலாம் ரெசா இஸ்ஃபஹானி புகழ்பெற்றவர். ஆனால் நூலகத்தில் கூரை ஒழுகினால் இதே வசதி பேரிழப்பாக மாறும்.

நாணலின் நுனியும் புள்ளியின் அளவும்

எழுதுகோல் நாணல் தண்டு. ஈரானின் தெஸ்ஃபூல் பகுதி நாணல் இன்றும் பேர்பெற்றது. நுனியைச் சீவி, தந்தத்திலோ எலும்பிலோ செய்த சிறு தட்டின் மேல் வைத்து, கூர்கத்தியால் ஒரே வெட்டில் சாய்வாக நறுக்குவார்கள். நுனியின் நடுவே மெல்லிய பிளவு ஒன்றும் கீறுவார்கள். அந்தப் பிளவில் நுண்குழாய் விசையால் மை தங்கி நிற்கும். நுனி தாளைத் தொட்டதும் மை தாளின் பரப்பை நோக்கி இழுபடும். மைக்கூட்டுக்குள் கசக்கி வைத்த பட்டு இழைப் பஞ்சு இருக்கும். எழுதுகோல் அதைத் தொடும்போது அளவான மையே ஏறும். நுனியும் கூட்டின் அடியில் மோதி மழுங்காது.

அகன்ற நுனியால் எழுதும்போது கோட்டின் தடிமன் கை செல்லும் திசையைப் பொறுத்தது. நுனியின் விளிம்பு நீளும் திசையிலேயே கை நகர்ந்தால் கோடு மெல்லிசாகும், அதற்குக் குறுக்கே நகர்ந்தால் நுனியின் முழு அகலமும் பதியும். நஸ்தலீக்கில் செங்குத்துக் கோடுகள் மெலிந்தும் கிடைக்கோடுகள் தடித்தும் வருவது இந்த வடிவியலால்தான். மிக மெல்லிய நுனிகளுக்காக எழுதுகோலை விரலுக்குள் உருட்டி, நுனியின் ஒரு மூலையை மட்டும் தாளில் நிறுத்துவார்கள்.

அளவுக்கு அடிப்படை ஒரு புள்ளி. நுனியின் முழு அகலத்தையும் பதித்துச் சிறிது இழுத்தால் சாய்சதுரமாக ஒரு புள்ளி விழும். இந்தப் புள்ளியை அலகாக வைத்து எழுத்துகளின் விகிதங்களை வகுத்த பெருமை இப்னு முக்லாவுக்கு உரியது. பாக்தாதில் மூன்று கலீஃபாக்களிடம் அமைச்சராக இருந்து, அரசியல் பகையில் வலக்கையை இழந்து, 940இல் இறந்தவர் அவர். அலிஃப் என்னும் நேர் எழுத்தின் உயரம் இத்தனை புள்ளி, அதை விட்டமாகக் கொண்ட வட்டத்திலிருந்து பிற வளைவுகள் என்பது அவர் முறையின் சாரம். நஸ்தலீக்கில் அலிஃபின் உயரம் மூன்று புள்ளி. நுனியை அகலமாக வெட்டினால் புள்ளி பெரிதாகும், எல்லா எழுத்தும் அதே விகிதத்தில் பெரிதாகும். உள்ளங்கை அளவு கவிதை நூலுக்கும் சுவரில் தொங்கும் பலகைக்கும் ஒரே இலக்கணம் பொருந்தியது இதனால்தான்.

ஒரு நீண்ட கிடைக்கோட்டை உருப்பெருக்கியில் பார்த்தால் இவை எல்லாம் ஒன்றுசேர்வது தெரியும். வலது முனையில் நுனி பதிந்த இடம் கூர்மையாகத் தொடங்குகிறது. கோடு மெல்லத் தாழ்ந்து, நடுவில் முழு அகலமாகி, இடது முனையில் மறுபடி உயர்ந்து மெலிகிறது. வேகமாக இழுத்த பகுதியில் மை மெல்லிய படலமாகப் படிந்து சற்று வெளிறித் தெரியும். கை நின்ற இடத்தில் மை தேங்கி, உலரும்போது கரித் துகள்கள் குவிந்து, கருமை அடர்ந்திருக்கும். விளிம்பில் இழை பரவிய தடமே இருக்காது. அந்தக் கை எந்த இடத்தில் விரைந்தது, எங்கே தயங்கியது என்பதை இந்தக் கருமை வேறுபாடே காட்டிக்கொடுக்கிறது. தாள் மையை உறிஞ்சியிருந்தால் இந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்திருக்கும்.

ஹெராத்தின் பட்டறை

இந்த அறிவு முழுமையாக ஒருங்கிணைந்த இடம் தைமூரிய அரசின் ஹெராத். இளவரசர் பைசுன்குர் (1397–1433) நடத்திய கிதாப்கானா, பெயரளவில் நூலகம் என்றாலும் உண்மையில் நூல் செய்யும் பட்டறை. எழுத்தர்கள், ஓவியர்கள், பொன் பூசுவோர், கோடு வரைவோர், நூல் கட்டுவோர் என்று வேலை பிரிந்திருந்தது. தலைமை எழுத்தர் ஜாஃபர் தப்ரீசி. யார் எந்தப் பக்கத்தில் எந்த வேலையை எதுவரை முடித்தார் என்று இளவரசருக்கு எழுதிய அறிக்கை ஒன்று இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனைத் தொகுப்பில் இன்றும் இருக்கிறது. ஜாஃபர் கையால் 1430இல் முடிந்த ஷாநாமா காவியப் படி, தெஹ்ரானின் கோலெஸ்தான் அரண்மனையில் உள்ளது. 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அது இடம்பெற்றது.

பக்கத்துக்குப் பக்கம் வரிகள் பிசகாமல் அமைய ஓர் எளிய கருவி வைத்திருந்தார்கள். மிஸ்தர் என்னும் அட்டையில் வரி இடைவெளிப்படி நூல் இழுத்துக் கட்டியிருக்கும். தாளை அதன் மேல் வைத்து விரலால் தேய்த்தால் நிறமில்லாத தடம் விழும். எழுத்தர் தரையில் ஒரு முழங்காலை உயர்த்தி அமர்ந்து, அதன் மேல் நெகிழ்வான அட்டையை வைத்துத் தாளைத் தாங்கி எழுதினார். பிறகு எழுத்துப் பகுதியைச் சுற்றிப் பொன்னும் வண்ணங்களும் கொண்ட கோடுகள் வரையப்பட்டன. பிற்காலத்தில் தீராச் சிக்கலைத் தந்தவை அந்தக் கோடுகள்தான்.

பச்சைக் கோடு செய்த சேதம்

கோடுகளில் பயன்பட்ட பச்சை நிறங்களில் ஒன்று செம்புக் களிம்பு. செம்புத் தகட்டின் மேல் வினிகர் ஆவி படும்படி வைத்தால் அதில் பச்சையாகப் பூக்கும் செம்பு அசிடேட் அது. கண்ணைக் கவரும் நிறம். ஆனால் செம்பு அயனிகள் செல்லுலோஸின் ஆக்சிஜனேற்றத்தை விரைவுபடுத்தும் வினையூக்கிகள். ஈரமும் வெப்பமும் மிகுந்தால் வினை இன்னும் வேகமெடுக்கும். முதலில் கோட்டின் பின்பக்கம் பழுப்புத் தடம் தோன்றும். பிறகு தாள் அந்த இடத்தில் மொறுமொறுப்பாகி விரிசல் விடும். கோடு பக்கத்தை நான்கு புறமும் சுற்றி வருவதால், முடிவில் எழுத்துப் பகுதி முழுதும் ஓரத்திலிருந்து தனித் துண்டாகக் கழன்றுவிடும். மீர் அலியின் வழிவந்தவர்கள் பொறுமையாகத் தேர்ந்த கரி மைக்கு ஒன்றும் ஆகாமல், அதைச் சுற்றியிருந்த அலங்காரம் பக்கத்தையே வெட்டிவிடும் நிலை இது.

ஆனாலும் செம்புப் பச்சை இருக்கும் எல்லாப் பாரசீக நூல்களும் இப்படி அழியவில்லை. ஏன் என்று தேடிய ஈரானிய ஆய்வாளர் மந்தனா பர்கெஷ்லி, பழைய கையேடுகளிலேயே ஒரு தடயத்தைக் கண்டார். களிம்போடு குங்குமப்பூ சேர்க்கச் சில குறிப்புகள் சொல்கின்றன. பச்சையின் சாயலை இதமாக்கவே அது என்று எண்ணலாம். ஆய்வகத்தில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் சோதித்தபோது, குங்குமப்பூ அமிலத் தன்மை ஏறாமல் தாங்கிப் பிடிக்கும் தாங்கற்பொருளாகவும் செயல்பட்டுத் தாளின் சிதைவைக் குறைப்பது தெரிந்தது. அனுபவத்தால் கிடைத்த ஒரு பாதுகாப்பு முறை சமையல் குறிப்பு போன்ற இரண்டு வரிகளில் நூற்றாண்டுகளாகக் காத்திருந்திருக்கிறது.

இன்று இந்த நூல்களைத் தொடாமலேயே ஆராய முடிகிறது. ஏறத்தாழ 1,000 நானோமீட்டரைத் தாண்டிய அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்தால் கரி மை கருமையாகவே தெரியும். இரும்பு மை மங்கி மறையும். எக்ஸ் கதிரால் தூண்டப்பட்ட ஒளிர்வு இரும்பு, செம்பு போன்ற தனிமங்களைக் காட்டிக்கொடுக்கும். ராமன் நிறமாலை நிறப்பொருளின் மூலக்கூறுகளை அடையாளம் காட்டும். கரியும் இரும்பும் கலந்த மையா என்பதை அறிய ஒரு முறை மட்டும் போதாது. இரண்டு மூன்றை ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வர முடியும்.

கல்லச்சிலிருந்து சென்னை வரை

ஈரானிலிருந்து நஸ்தலீக் முகலாய அரசவைக்கு வந்தது. அதை முழுதும் வளைவுகளால் ஆன எழுத்து என்று அபுல் ஃபசல் ஆயினே அக்பரியில் வகைப்படுத்துகிறார். அக்பரின் அவையில் முகமது ஹுசைன் காஷ்மீரி 'பொன் எழுதுகோல்' என்ற பட்டம் பெற்றார். பிறகு உருது மொழியும் இதே எழுத்தை ஏற்றது.

அச்சு வந்தபோது ஈய எழுத்துகளுக்கு நஸ்தலீக் அடங்கவில்லை. ஒவ்வொரு எழுத்தும் அண்டை எழுத்தைப் பொறுத்து வடிவம் மாறும், சொல் சரிந்து இறங்குவதால் உயரமும் மாறும். 19ஆம் நூற்றாண்டில் ஈரானும் இந்தியாவும் கல்லச்சைத் தழுவின. 1858இல் லக்னோவில் தொடங்கிய நவல் கிஷோர் அச்சகம் அதில் முன்னணியில் நின்றது. கல்லச்சும் மேற்பரப்பின் வேதியியல்தான்: கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதிய இடம் அச்சு மையை ஏற்கும், ஈரமான வெற்றிடம் அதை விலக்கும். எழுத்தரின் கைவண்ணம் அப்படியே நூற்றுக்கணக்கான படிகளில் இறங்கியது. எழுத்து எழுத்தாகக் கோக்கும் கணினிக்கும் நஸ்தலீக் எளிதில் வசப்படவில்லை. மிர்சா அகமது ஜமீல் உருவாக்கி 1981இல் வந்த நூரி நஸ்தலீக் எழுத்துரு, ஏறத்தாழ 20,000 இணைப்பு வடிவங்களை முன்கூட்டியே வரைந்துவைத்துத்தான் அதைச் சாதித்தது.

இந்த மரபின் ஒரு கிளை சென்னையிலும் வேர்விட்டது. 1927இல் சையத் அஸ்மத்துல்லா தொடங்கிய 'தி முசல்மான்' உருது நாளிதழை, திருவல்லிக்கேணியில் காத்திப் எனப்படும் எழுத்தர்கள் கணினிக் காலத்திலும் கையாலேயே எழுதிவந்தார்கள். எழுதிய பக்கத்தைப் படமெடுத்துத் தகட்டுக்கு மாற்றி அச்சிட்டார்கள். அந்தத் தகடும், எண்ணெயும் நீரும் ஒன்றையொன்று விலக்கும் அதே கல்லச்சு விதிப்படிதான் வேலை செய்கிறது.

சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அரபு, பாரசீகச் சுவடிகளும் உள்ளன. ஆற்காட்டு நவாபுகளின் அவையில் பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்த காலத்தின் சாட்சிகள் நம் மண்ணிலும் உண்டு. இத்தகைய சுவடிகளுக்கு நம் கடலோர ஈரக்காற்று மிகக் கொடியது. கரி மையின் பிசின் ஈரத்தில் இளகும், செம்புப் பச்சை ஈரத்தில் வேகமாக அரிக்கும், மாவுக்கஞ்சி பூஞ்சைக்கும் பூச்சிக்கும் உணவாகும்.

ஆசிரியர் யார், ஆண்டு எது என்பதோடு ஒரு சுவடியின் விவரப் பட்டியல் முடிந்துவிடக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மை கரியா இரும்பா, தாளுக்கு என்ன கஞ்சி, கோட்டின் பச்சை எதனால் ஆனது என்பதும் அதில் ஏற வேண்டும். எந்தச் சுவடியை நீரின் அருகே கொண்டுபோகக் கூடாது, எதை முதலில் உலர்ந்த அறைக்கு மாற்ற வேண்டும் என்று முடிவெடுக்க அந்த விவரம் தேவை. அந்தப் பொருள்களைத் தேர்ந்தவர்கள் காரணம் தெரிந்தே தேர்ந்தார்கள். அவர்கள் எழுதியதை வாசிக்கும் அக்கறையோடு அவர்கள் எதைக் கொண்டு எழுதினார்கள் என்பதையும் நாம் கற்றால், அந்தப் பக்கங்களை அடுத்த தலைமுறைக்குச் சேதமின்றிக் கொடுக்க முடியும்.